தோள்மேல் ஒரு கை

"அப்படின்னா என் செல்லுங்க தோத்துப் போயிடுச்சா டாக்டர்?"

"தோக்கலம்மா. சண்டையே போடல. எதிரி எதிர்லயே நிக்குது, அதுங்க கண்ணுக்குத் தெரியல."

"பத்து மாசமா தெரிஞ்சுதே. இப்ப என்ன, கண்ணு அவிஞ்சு போச்சா?"

டாக்டர் வந்த சிரிப்பை அடக்கிக்கொண்டாள். சின்னப் பெண்தான், கண்ணுக்குக் கீழே கருவளையம். நல்ல செய்தியை வராந்தாவில் நின்றபடியே சொல்லிவிடுகிறவர்கள், கெட்ட செய்தி என்றால் இந்த அறைக்குக் கூப்பிடுவார்கள். ஒரு சிறு மேஜை, இரண்டு நாற்காலி, காகிதக் கைக்குட்டைப் பெட்டி, தூசி படிந்த பிளாஸ்டிக் செடி. ஜன்னலுக்கு வெளியே வண்டி நிறுத்துமிடம். அங்கே ஒருவர் காரைப் பின்னால் எடுக்க முடியாமல் திணறிக்கொண்டிருந்தார்.

கேட்டவள் கைப்பையை மடியில் வைத்து நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள். நாலாவது மாடியில் அவள் மகள் படுத்திருந்தாள். பத்தொன்பது வயது. ரத்தப் புற்று. போன வருஷம் அம்மாவின் இடுப்பெலும்பிலிருந்து மஜ்ஜையை எடுத்து மகளுக்கு ஏற்றினார்கள். முடி உதிர்ந்து, வாயெல்லாம் வெந்து, மீண்டு, புருவம் முளைத்து, வீட்டுக்கு வந்து, மறுபடி கல்லூரிக்குப் போகலாமா என்று பேச்செடுத்த வாரத்தில் நோய் திரும்பி வந்துவிட்டது.

"உங்களுக்கு வரைஞ்சு காட்டறேன்" என்று டாக்டர் சட்டைப் பையிலிருந்து இரண்டு பேனாக்களை எடுத்தாள். சிவப்பு ஒன்று, நீலம் ஒன்று. ஒரு தாளில் ஒரு சிவப்புக் கோடு இழுத்தாள்.

"இத ஒரு தெருன்னு வச்சுக்குங்க. இந்தத் தெருவுல ஒரே குடும்பத்து ஜீன்கள் வரிசையா குடியிருக்கு. எச்.எல்.ஏ.ன்னு சொல்லுவோம். பேரு கிடக்கட்டும். அண்ணன் தம்பி, பங்காளி மாதிரி. ஜாடை ஒண்ணா இருக்கும், வேலை ஆளுக்குக் கொஞ்சம் மாறும்."

"என்ன வேலை?"

"நாங்க யாருன்னு காட்டற வேலை. ஒவ்வொரு செல்லும் உள்ள நடக்கறதுல துணுக்குத் துணுக்கா எடுத்து, ஒரு தட்டுல வச்சு வாசல்ல நீட்டிக்கிட்டே இருக்கும். அந்தத் தட்டைச் செய்யறது இந்தக் குடும்பம்தான். ரோந்து போற வெள்ளணு வந்து பாக்கும். தட்டும் நம்மது, மேல இருக்கறதும் நம்மதுன்னா பேசாம போயிடும். மேல கிருமியோட துணுக்கு இருந்தா அடிக்கும். தட்டே வேற வீட்டுத் தட்டா இருந்தா…"

"அதுக்கும் அடிக்கும்."

"பயங்கரமா அடிக்கும். அதனாலதான் பொருத்தம் பொருத்தம்னு உயிரை விடறோம்." டாக்டர் சிவப்புக்குப் பக்கத்தில் ஒரு நீலக் கோடு இழுத்தாள். "எல்லாருக்கும் இந்தத் தெரு ரெண்டு இருக்கும். ஒண்ணு அம்மா குடுத்தது. ஒண்ணு அப்பா குடுத்தது. சிவப்பு நீங்க. நீலம் அவரு."

அவள் நீலக் கோட்டைப் பார்க்காமல் சிவப்பையே பார்த்தாள்.

"போன வருஷம் உங்க மஜ்ஜையை ஏத்தினோமில்லையா, அது பாதிப் பொருத்தம். உங்க செல்லுக்குச் சிவப்புத் தெரு சொந்தத் தெரு. நீலம் அந்நியம். மருந்துக்குத் தப்பிப் பிழைச்ச புற்று செல்லுங்க நீலத் தட்டையும் நீட்டிக்கிட்டு நின்னுச்சு. அதப் பாத்துதான் உங்க செல் அடிச்சுது. பத்து மாசம் நல்லாவே அடிச்சுது."

"இப்ப?"

டாக்டர் நீலக் கோட்டின் மேல் பேனாவைக் குறுக்கே இழுத்து அடித்தாள். "இப்ப வந்திருக்கறது நீலத்தையே தூக்கி எறிஞ்சிடுச்சு."

"எறிஞ்ச இடம் காலியாவா இருக்கு?"

டாக்டர் நிமிர்ந்து பார்த்தாள். "இல்ல. அங்கதான் அதோட சாமர்த்தியம். பக்கத்துல இருக்கற சிவப்பையே ஒரு நகல் எடுத்து அந்த இடத்துல வச்சுக்கிச்சு. பாத்தா ஓட்டையே தெரியாது. ரெண்டு தெருவும் இப்ப உங்க தெருதான். உங்க செல் வந்து பாக்குது, நம்ம ஆளுதான்னு விட்டுட்டுப் போயிடுது."

அவள் கண்களை மூடிக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்து டாக்டர் காகிதப் பெட்டியை அவள் பக்கம் நகர்த்தினாள்.

"இன்னொரு தடவை என்கிட்டயே எடுத்தா? நெறைய எடுத்துக்குங்க. எனக்கு ஒண்ணும் ஆகாது."

"எவ்வளவு ஊத்தினாலும் அது தன்னையே கண்ணாடியில பாக்கற மாதிரிதாம்மா. உங்க சிவப்பு யாருக்கு அந்நியமோ, நீலம் யாருக்குச் சொந்தமோ, அவங்க வேணும்." டாக்டர் குரலைத் தாழ்த்தினாள். "அப்பா வேணும். மருந்து குடுத்துக் கொஞ்ச நாள் பிடிச்சு வைக்கலாம். ரொம்ப நாள் முடியாது."

"அவருக்கு அண்ணன் தம்பி யாரும் கிடையாது."

"நான் இன்னும் அவங்களைப் பத்திக் கேக்கவே இல்லையே. அவரையே கேக்கலாம். வேற குழந்தைங்க உண்டா அவருக்கு?"

"ஒரு பொண்ணு இருக்குன்னு கேள்வி."

"அந்தப் பொண்ணுக்கும் இதே நீலம் வந்திருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. ஆனா முதல்ல அவரு. போன தடவை கேட்டப்ப, அவர் வேண்டாம்னு சொல்லிட்டீங்க. இந்தத் தடவை…"

"நானே போய்ப் பேசறேன்" என்று அவள் எழுந்துவிட்டாள். வெளியே அந்தக் கார் ஒருவழியாகப் பின்னால் வந்து, பக்கத்து வண்டியை இடித்து நின்றது.

பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு போட்டோ ஸ்டுடியோ அவளுடையது. பாஸ்போர்ட் படம், பழைய படத்தைப் புதுப்பித்தல், முகத்தில் பரு நீக்குதல். இவையெல்லாம் பலகையில் எழுதியிருக்கும். பலகையில் எழுதாத ஒரு வேலையும் உண்டு. படத்திலிருந்து ஆளை எடுப்பது. பேச்சுவார்த்தை நின்றுபோன தம்பி, முறிந்துபோன நிச்சயத்தின் மாப்பிள்ளை, கல்யாணப் படத்தில் யாரென்றே தெரியாமல் நடுவில் வந்து நின்ற ஆசாமி. அவள் கையில் அந்த வேலை சுத்தமாக இருக்கும். ஆளை வெட்டினால் ஓட்டை விழும். பக்கத்தில் இருக்கும் சுவரையே நகலெடுத்து, கொஞ்சம் கொஞ்சமாக அந்த இடத்தில் ஒட்ட வேண்டும். வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். நிழலை மறந்துவிடக் கூடாது; கற்றுக்குட்டிகள் ஆளை எடுத்துவிட்டு நிழலை விட்டுவிடுவார்கள்.

அவளுக்கு ஒரு விதியும் உண்டு. மூலப் படத்தைத் தொட மாட்டாள். அதைத் தனியாகச் சேமித்துவிட்டு, பிரதியில்தான் கைவைப்பாள். "போனவங்க திரும்பி வராங்களோ இல்லையோ, படத்தைக் கேட்டு இவங்க திரும்பி வருவாங்க" என்று உதவிக்கு வரும் பெண்களிடம் சொல்வாள். அப்படியே வரவும் வருவார்கள். ஒரு வருஷம் கழித்தோ, யாராவது செத்த பிறகோ வந்து, மேஜை விளிம்பைச் சுரண்டியபடி, "அந்தப் பழைய படம் இருக்குமா?" என்பார்கள். இருக்கும். மறு பேச்சில்லாமல் எடுத்துக் கொடுப்பாள்.

தன் விஷயத்தில் மட்டும் அந்த விதியை மீறினாள். கணவன் வேறொருத்தியோடு வாழப் போன வருஷம், மகளுக்கு எட்டு வயது. ஒவ்வொரு நாளும் கடையைச் சாத்தும் முன் ஒரு படமாக எடுத்து வேலை செய்தாள். எல்லாவற்றையும் மூலத்தின் மேலேயே சேமித்தாள். அச்சிட்ட படங்களைக் கிழித்து, கடையில் சேரும் வெட்டுக் காகிதத்தோடு போட்டாள். முடித்தபோது அவனில்லாத ஒரு முழுக் குடும்பம் அவளிடம் இருந்தது. நிழல்கூட மிஞ்சவில்லை.

ஒரே ஒரு படத்தில் மட்டும் தோற்றாள். கடற்கரையில் எடுத்தது. ஐந்து வயது மகள் பொடிக்கட்டம் போட்ட சட்டையில் சூரியனைப் பார்த்துக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கிறாள். அவள் தோள்மேல் அவன் கை. பின்னால் கடல் என்பதால் அவனை எடுப்பது சுலபமாக இருந்தது. கையை எடுத்தால் அடியில் இருக்கும் சட்டையை வரைய வேண்டும். பொடிக்கட்டம், அதிலும் மடிப்பு விழுந்த துணி. எப்படி ஒட்டினாலும் கட்டம் கட்டத்தோடு சேரவில்லை. குழந்தையின் தோள் உடைந்ததுபோல் தெரிந்தது. கடைசியில் மணிக்கட்டோடு நிறுத்திவிட்டாள். நாலு விரல்கள், அதில் மோதிர விரலுக்கு நுனி இல்லை. அவன் லிஃப்ட் மெக்கானிக். ஒரு கதவு அந்த நுனியை எடுத்துக்கொண்டிருந்தது.

மகள் அதற்கு "கடல் கை" என்று பெயர் வைத்திருந்தாள். யாருடைய கை என்று ஒரு நாளும் கேட்டதில்லை. அவளுக்குத் தெரியும்.

*

"மறுபடி தலையை மொட்டையடிக்கப் போறாங்களா?" என்றாள் மகள், அம்மாவின் முகத்தைப் பார்த்ததுமே.

"டாக்டர் உன்கிட்ட சொல்லிட்டாளா?"

"காலையிலயே. சிவப்புப் பேனா, நீலப் பேனா, தட்டு, ரோந்து எல்லாம் ஆச்சு. பாவம், எத்தனை பேருக்கு இதையே வரைவாங்களோ." மகள் தலையணையை நிமிர்த்தி உட்கார்ந்தாள். கன்னம் உப்பி, கழுத்து மெலிந்திருந்தது. "எனக்கு ஒண்ணுதான்மா ஆச்சரியம். இந்த நோய்க்கு உன் வேலை எப்படித் தெரிஞ்சுது?"

அம்மா ஜன்னலோரம் இருந்த தண்ணீர்க் குவளையைக் கழுவப் போனாள்.

"சும்மா சொன்னேம்மா. வா, உக்காரு. கோச்சுக்காத. உன் ரத்தம் ஓட ஆரம்பிச்சதுல இருந்து எனக்கும் வாய் நீளமாயிடுச்சு. ரத்த வகையே மாறிடுச்சு, வாய் மாறாதா?"

குவளை ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது. அவள் அதை மறுபடியும் கழுவினாள்.

"அப்பா ஒத்துக்குவாரா?" என்றாள் மகள் அவள் முதுகைப் பார்த்து. குரலில் விளையாட்டு போயிருந்தது. "போன தடவை எட்டிக்கூடப் பாக்கல. இப்ப எலும்பைக் குடுன்னா குடுப்பாரா?"

அம்மா குழாயை மூட மறந்து நின்றாள். தண்ணீர் கை வழியே ஓடிக்கொண்டிருந்தது.

"வந்தாரு" என்றாள்.

"என்ன?"

"போன தடவை வந்தாரு. கீழ, லிஃப்ட்கிட்ட. நான்தான் மேல விடல."

பக்கத்தில் சொட்டு மருந்தின் கருவி ஒரு தடவை கூவி அடங்கியது. அம்மா குழாயை மூடிவிட்டு வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. போர்வையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"என்ன சொன்னாரு?"

"என்னையும் ஒரு தடவை பாத்துடட்டுமே, யாரோடது நல்லா சேருதோ அத எடுத்துக்கட்டும்னாரு."

"நீ?"

"நான் இருக்கேன், என் ரத்தம் போதும்னேன். உனக்கு அவரைப் பாக்க இஷ்டமில்லன்னும் சொன்னேன்."

"என்கிட்ட கேக்கவே இல்லையேம்மா நீ."

"கேக்கல."

மகள் நெடுநேரம் தன் கையில் ஒட்டியிருந்த பிளாஸ்திரியின் ஓரத்தை நகத்தால் தூக்கித் தூக்கி ஒட்டினாள். திட்டுவாள் என்று அம்மா காத்திருந்தாள். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூடத் தோன்றியது.

"என்ன சட்டை போட்டிருந்தாரு?"

"சாம்பல் கலர். கம்பெனிச் சட்டை. பையில டெஸ்டர் குத்தியிருந்துச்சு. வேலையில இருந்து அப்படியே வந்திருக்காரு. தோள்ல கருவிப் பை."

"முடி?"

"நரைச்சிருச்சு. காதுக்கு மேல."

"வேற என்ன சொன்னாரு?"

"மிளகுகிட்ட நான் வந்தேன்னு சொல்லுன்னாரு."

மகள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அந்தப் பெயரை அந்த வீட்டில் யாரும் சொல்லிப் பதினோரு வருஷம் ஆகிறது. அவன் வைத்த செல்லப் பெயர். கையளவு பிறந்த குழந்தை ஆஸ்பத்திரியே அதிரக் கத்தியதைப் பார்த்து வைத்தது. அவன் போனதும் அம்மா அந்தப் பெயரையும் எடுத்துவிட்டு, அந்த இடத்தில் பள்ளிச் சான்றிதழில் இருக்கும் பெயரையே இன்னொரு தடவை ஒட்டியிருந்தாள்.

கொஞ்ச நேரம் கழித்து மகள் போனை எடுத்து எதையோ தட்டினாள். அம்மாவின் கைப்பைக்குள் ஒலி வந்தது.

"கடல் கை படத்தை உனக்கு அனுப்பியிருக்கேன். அவர்கிட்ட காட்டு. உங்க கைய மட்டும் பத்திரமா வச்சிருக்கோம்னு சொல்லு. சிரிச்சுடுவாரு. அவருக்குச் சிரிப்பு வந்துட்டா, எத கேட்டாலும் குடுத்துடுவாரு." பிறகு சுவரைப் பார்த்தபடியே சொன்னாள்: "எனக்குச் சாகப் பிடிக்கலம்மா. அதனால உன்கிட்ட அப்புறமா சண்டை போடறேன். இப்ப போ."

*

அவனுடைய எண்ணை அவள் என்றோ அழித்திருந்தாள். லிஃப்ட் கம்பெனிக்குப் போன் செய்தாள். எடுத்தவர் பெயரைக் கேட்டதும் தயங்கினார். "நீங்க யாரு பேசறீங்க? சொந்தமா?" என்றார். என்ன சொல்வது என்று யோசித்து, "தெரிஞ்சவங்க" என்றாள். "வீட்டு விலாசம் தரேன். நேர்லயே போயிடுங்க" என்று விலாசத்தைச் சொல்லிவிட்டுச் சட்டென்று வைத்துவிட்டார். வேலையை விட்டுவிட்டான் போல, அல்லது சண்டை போட்டிருப்பான் என்று நினைத்துக்கொண்டாள். யாரோடும் நிலையாக இருக்கத் தெரியாதவன்தானே.

மறுநாள் முற்பகலில் பேருந்தில் போனாள். வழி முழுக்கச் சொல்ல வேண்டியதை அடுக்கிக்கொண்டே வந்தாள். மன்னிப்பு முதலில் கேட்பதா, விஷயம் முதலில் சொல்வதா? மன்னிப்பை முதலில் வைத்தால் காரியத்துக்காகக் கேட்பதுபோல் இருக்கும். கடைசியில் வைத்தால் காரியம் முடிந்ததும் கேட்பதுபோல் இருக்கும். எங்கே வைத்தாலும் கட்டம் கட்டத்தோடு சேரவில்லை.

பழைய அடுக்குமாடிக் கட்டடம். கம்பிகளில் துணி காய்ந்தது. சுவரில் சுண்ணாம்பு உதிர்ந்து படிக்கட்டில் கொட்டியிருந்தது. லிஃப்ட் மட்டும் சத்தமே இல்லாமல் ஏறி, தளத்தோடு மட்டமாக, இழை பிசகாமல் வந்து நின்றது. அவனுடைய வேலை என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது. கல்யாணமான புதிதில் அவளை ஒரு கட்டடத்துக்குக் கூட்டிப்போய், லிஃப்ட் தரையில் ஒரு நாணயத்தைச் செங்குத்தாக நிறுத்தி வைத்து லிஃப்டை இயக்கிக் காட்டியிருக்கிறான். நாணயம் விழவில்லை. "பாத்தியா, நம்ம கைராசி" என்று மார்தட்டிக்கொண்டான். சிரித்ததில் அவள் கால் தட்டி நாணயம் உருண்டு போய், கதவிடுக்கு வழியாகக் கீழே விழுந்தது.

கதவைத் திறந்த பெண் அவளைவிட இளையவள். பதினோரு வருஷமாக மனதுக்குள் வைத்துத் திட்டிய முகம் இதுவல்ல. களைத்த, சாதாரணமான முகம். பல்லிடுக்கில் ஊசி நூலைக் கடித்தபடி நின்றாள். ஒரு கணம்தான் பார்த்தாள். நூலை வாயிலிருந்து எடுத்தாள்.

"வாங்கக்கா" என்றாள்.

அந்த 'அக்கா' அவளைத் தடுக்கி விழ வைத்ததுபோல் இருந்தது. உள்ளே போனாள். கூடத்தில் பாதி இடத்தைச் சட்டைகள் அடைத்திருந்தன. பொத்தான் தைக்க வந்த புதுச் சட்டைகள், ஒன்றன் மேல் ஒன்றாக இடுப்பளவுக்கு. ஒரு டப்பா நிறையப் பொத்தான்கள். அந்தப் பெண் நாற்காலியிலிருந்த சட்டைகளை அள்ளிக் கீழே வைத்து இடம் செய்தாள்.

"வருவீங்கன்னு நினைக்கல. விஷயம் இப்பதான் தெரிஞ்சுதா?"

"என்ன விஷயம்?"

அந்தப் பெண்ணின் கை பொத்தான் டப்பாவின் மேல் நின்றது. "நான் ஸ்டுடியோ நம்பருக்கு ரெண்டு தடவை போன் பண்ணேன். 'நான் இன்னார் வீட்டுல இருந்து பேசறேன்'னதும் வச்சுட்டீங்க. மூணாவது தடவை பண்ண எனக்குத் தெம்பு இல்ல."

அவளுக்கு நினைவு வந்தது. கடையில் ஒரு பெரிய குடும்பம் உட்கார்ந்திருந்தது, குழந்தை அழுதுகொண்டிருந்தது. சண்டை பிடிக்கத்தான் கூப்பிடுகிறாள் என்று எண்ணி வைத்துவிட்டு, "சிரிங்க, சிரிங்க" என்று குழந்தைக்கு விரலைச் சொடுக்கினாள்.

"எப்ப?" என்றாள்.

"மழைக்காலத்துல. ஒரு ஆபீஸ் கட்டடம். லிஃப்ட் பழுதுன்னு இவரேதான் கீழ பலகை மாட்டியிருக்காரு. மாடியில இருந்து படி வழியா இறங்கி வந்தவரு, நடுவுல நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்துட்டாரு போல. லிஃப்ட் ஓடலையா, எல்லாரும் படியிலதான் போயிருக்காங்க. மெக்கானிக் களைச்சுப்போய் உக்காந்திருக்காருன்னு ஒதுங்கி ஒதுங்கிப் போயிருக்காங்க. ஒருத்தர் 'இன்னும் எவ்வளவு நேரம்பா ஆகும்?'னு கேட்டாராம். பதில் சொல்லலன்னு திட்டிட்டும் போனாராம்."

பொத்தான் டப்பாவை மூடினாள்.

"அதுக்கு முன்னாடி உங்க பொண்ணைப் பாக்க வந்தாரு. திரும்பி வந்து இந்த நாற்காலியிலதான் உக்காந்தாரு. பொண்ணுக்கு இஷ்டமில்லையாம்னு சொன்னாரு. அப்புறம் அதைப் பத்திப் பேசல. நான் உங்கமேல பழி போடலக்கா. உங்க இடத்துல நான் இருந்தா கதவையே சாத்தியிருப்பேன். ஆனா அவர் அதுக்கப்புறம் சரியாவே தூங்கல. அதையும் சொல்லணுமில்ல."

வழி முழுக்க அடுக்கிக்கொண்டு வந்தது எதுவும் இப்போது பயன்படாது. மன்னிப்பை முதலில் வைத்தாலும் கடைசியில் வைத்தாலும் வாங்கிக்கொள்ள ஆளில்லை. அவள் நாற்காலியின் கைப்பிடியைத் தடவினாள். இந்த நாற்காலி. பதினோரு வருஷமாக அவனை ஒவ்வொரு சுவரிலிருந்தும் எடுத்துக்கொண்டே வந்தவளுக்கு, இப்போது அவன் உண்மையாகவே எடுக்கப்பட்டுவிட்ட இடத்தில் ஒட்டுவதற்கு எதுவும் கிடைக்கவில்லை.

"கடுகு! தண்ணி கொண்டா" என்று அந்தப் பெண் உள்பக்கம் குரல் கொடுத்தாள்.

அந்தப் பெயரைக் கேட்டதும் அவள் அழுதுவிட்டாள். அந்தப் பெண்ணுக்கு ஏன் என்று புரிந்திருக்க வேண்டும். மடித்த சட்டை ஒன்றின் காலரைத் திரும்பத் திரும்ப நீவிக்கொண்டிருந்தாள்.

தண்ணீர் கொண்டுவந்த சிறுமிக்குப் பத்து வயது இருக்கும். வலது புருவம் இடதைவிட ஒரு சுற்று உயர்ந்து, எப்போதும் எதையோ கேட்கப் போவதுபோல் இருந்தது. மிளகுக்கும் அதே புருவம்தான். போன வருஷம் உதிர்ந்து, திரும்ப முளைத்தபோதும் அதே உயரத்தில் முளைத்தது.

"நீங்க போட்டோக் கடை பெரியம்மாவா?" என்றாள் சிறுமி.

"ஆமா" என்றாள். யார் அப்படிச் சொல்லிக்கொடுத்தது என்று கேட்கவில்லை.

"அக்கா, தப்பா நினைக்காதீங்க" என்று அந்தப் பெண் தயங்கினாள். "இவரு படம்னாலே ஓடிப்போயிடுவாரு. என்கிட்ட இருக்கறது லைசென்ஸ்ல இருக்கற ஒண்ணுதான். அதுல திருடன் மாதிரி முழிக்கறாரு. இவ தினம் கேட்டு நச்சரிக்கறா, அப்பா சின்ன வயசுல எப்படி இருந்தாரு, சிரிச்சா எப்படி இருப்பாருன்னு. சிரிச்சது மறந்து போகுதாம் அவளுக்கு. உங்ககிட்ட கல்யாணப் படம், பழைய படம் எல்லாம் இருக்குமில்ல. நீங்க அந்தத் தொழில்ல இருக்கறவங்க. ஒண்ணே ஒண்ணு, பிரதி எடுத்துக் குடுத்தாப் போதும்."

எத்தனையோ பேர் இதே கேள்வியோடு அவள் மேஜை விளிம்பைச் சுரண்டியிருக்கிறார்கள். எல்லாருக்கும் எடுத்துக் கொடுத்திருக்கிறாள்.

"இல்ல" என்றாள். "ஒண்ணுகூட இல்ல. எல்லாத்துலயும் அவரை நானே அழிச்சுட்டேன். மூலமும் இல்ல."

சிறுமி அம்மாவைப் பார்த்தாள். அந்தப் பெண்ணின் முகத்தில் கோபம் வரவில்லை. ஆனால் அதுவரை அங்கே இருந்த ஏதோ ஒன்று, கதவைத் திறந்ததும் 'வாங்கக்கா' என்ற ஒன்று, மெல்ல உள்ளே போய்விட்டது.

"சரி" என்றாள். "இல்லன்னா என்ன பண்றது."

வந்தவள் கைப்பையைத் திறந்தாள். போனை எடுத்தாள். படத்தைத் திறந்து சிறுமியிடம் நீட்டினாள். சிறுமி இரண்டு கைகளாலும் வாங்கி, முகத்துக்கு அருகில் வைத்துக்கொண்டாள்.

"இது யாரு?"

"உன் அக்கா. அஞ்சு வயசுல."

சிறுமி விரல்களால் படத்தைப் பெரிதாக்கினாள். குழந்தையின் முகம் திரையை விட்டு நகர்ந்து போய், தோள் வந்தது. கட்டம் போட்ட துணி. நாலு விரல்கள். நுனியில்லாத மோதிர விரல்.

"அம்மா! அப்பா கை!" என்று கத்தினாள். "அம்மா, இங்க பாரேன், அப்பா கை!"

அந்தப் பெண் எழுந்து வந்து மகளின் தோளுக்கு மேலாகக் குனிந்து பார்த்தாள். சிறுமி அந்தக் கையின் மேல் தன் உள்ளங்கையை வைத்து, எடுத்து, மறுபடி வைத்தாள். தொடும்போதெல்லாம் படம் சிறிதாகிப் பெரிதாகியது.

இப்போது கேட்கக் கூடாது என்று அவளுக்குத் தெரிந்தது. இறங்கிப் போய்விட வேண்டும். நாளைக்கு, அடுத்த வாரம், இவர்கள் அழுது முடித்த பிறகு வர வேண்டும். ஆனால் நாலாவது மாடியில் ஒருத்தி சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறாள். அவளுக்குள் ஓடுகிற ரத்தம், எதிரியை நம்ம ஆள் என்று நினைத்து விலகி விலகிப் போய்க்கொண்டிருக்கிறது, படியில் உட்கார்ந்திருந்தவனைக் கடந்து போனவர்களைப் போல.

"நான் துக்கம் விசாரிக்க வரல" என்றாள். "அவர் போனதே எனக்குத் தெரியாது. அவர்கிட்ட ஒண்ணு கேக்க வந்தேன்."

அந்தப் பெண் நிமிர்ந்தாள்.

"என் பொண்ணுக்கு நோய் திரும்பிடுச்சு. இந்தத் தடவை என்னோடது உதவாது. அவரோடது வேணும்னாங்க. அவர் உடம்புல இருந்தது, பாதிக்குப் பாதி, உங்க பொண்ணுகிட்ட இருக்கலாமாம்." மூச்சு எடுத்துக்கொண்டாள். ஒன்றையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. "முதல்ல கொஞ்சம் ரத்தம் எடுத்துப் பாப்பாங்க. அதோட நிக்காது. பொருந்திடுச்சுன்னா மயக்க மருந்து குடுத்து, இடுப்பெலும்புல ஊசி போட்டு எடுப்பாங்க. வலிக்கும். எனக்கு வலிச்சுது. அத்தனையும் பண்ணினாலும் அவ பிழைப்பான்னு டாக்டர் சத்தியம் பண்ணல."

சிறுமி போனிலிருந்து தலையை எடுத்தாள். உயர்ந்த புருவம் இன்னும் உயர்ந்தது. அந்தப் பெண்ணின் கை, தானாகவே போல, மகளின் தோள்மேல் போய் அமர்ந்தது.

"அவரை நான் லிஃப்ட்கிட்டயே திருப்பி அனுப்பினேன். உங்க போனை ரெண்டு தடவை வச்சேன். நீங்க கேட்ட ஒரு படம்கூட என்கிட்ட இல்ல. எல்லாம் தெரிஞ்சுதான் கேக்கறேன். நாளைக்கு ஒரே ஒரு தடவை, கடுகை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வரீங்களா?"